கீரை சாலட்டும் செருப்பு டோக்கனும்

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவள் சந்திரகலா. அவள் சாப்பு முத்திரை குத்தாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டியதில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் சொன்னது அவள்தான்.

ஓய்வு பெற்ற மறு மாதமே, கை சும்மா கிடப்பது பொறுக்காமல், தான் குடியிருக்கும் தாமானின் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாச் சமையல் பட்டியலை எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. யார் காய் நறுக்குவது, யார் சோறு வடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக யார் சக்கரைப் பொங்கல் பானையைக் கிண்டுவது என்று பச்சை அட்டை போட்ட நோட்டில் எழுதி, திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் படிப்பாள். ஒன்பது வருஷமாக அவள் படித்ததை யாரும் மறுத்ததில்லை. மறுக்க வாய் திறந்தால் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்புவாள். அங்கே விதிகள் இருந்தன.

எதிர்வீட்டு ரமணி கிண்டிய பொங்கலுக்காகவே ஜெஞ்சாரோமிலிருந்து காரெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் பிரவின், கோலாலம்பூரில் கூட்டாளிகளோடு மாட்டிறைச்சி பர்கர் தின்கிற படத்தை பேஸ்புக்கில் போட்டான். அவன் போட்டது காலை பத்து மணிக்கு. பன்னிரண்டு மணிக்குள் சந்திரகலா ஏழாவது விதியை எழுதிவிட்டாள்: ‘எந்த வீட்டுக்குள் மாட்டிறைச்சி போனதோ அந்த வீட்டார் அம்மன் பானையைத் தொடக்கூடாது. தெரிந்து, தெரியாமல் என்ற பேச்சுக்கே இடமில்லை.’

தின்றது மகன்தானே, அதுவும் கடையில்தானே என்று யாரோ முனகினார்கள். வாய் ராத்திரி வீட்டுக்குத்தானே திரும்பி வருகிறது என்றாள் சந்திரகலா. அந்த வருஷத்திலிருந்து ரமணிக்குச் செருப்புக் கூடாரம். டோக்கன் கொடுத்துச் செருப்பை வாங்கி வைக்கிற வேலை. பொங்கலைச் சந்திரகலாவே கிண்டினாள். அந்தப் பொங்கலைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. இன்னொரு கரண்டி கேட்டதும் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் சர்க்கரை வந்தது. டாக்டர் அவளுக்கு மட்டும்தான் சொன்னார். அவள் ஊருக்கே சொன்னாள். மாதம் ஒரு வீட்டில் நான்கு பெண்கள் கூடிச் சாப்பிடுவது அவர்களுக்குள் வழக்கம்: சந்திரகலா, ரமணி, கோடி வீட்டு மலர், அப்புறம் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்துல் மஜீத்தின் மனைவி ரம்லத். இந்த வருஷம் ஆரோக்கிய வருஷம், சோறும் எண்ணெயும் கிடையாது என்று அறிவித்தாள் சந்திரகலா. மலர் ஓட்ஸில் கேசரி செய்தாள். ரம்லத் கோதுமைத் தவிட்டில் ஒன்று செய்தாள். அது அடையா ரொட்டியா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ரமணி மட்டும் எப்போதும்போல வடை சுட்டு அடுக்கிவிட்டு, “ஏர் ஃபிரையர்லே போட்டதுக்கா” என்று எண்ணெய் வழியும் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்தது சந்திரகலாவின் முறை. பிரிக்பீல்ட்ஸில் கொண்டோ எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் மகள் ஷாமினியைக் கூப்பிட்டு யோசனை கேட்டாள்.

“கீரை சாலட் செய்ங்கம்மா. டிரெஸ்ஸிங்கை சூடா மேலே ஊத்தணும். முட்டை, காளான், கொண்டக்கடலை எல்லாம் போட்டா வயிறு ஃபுல்லாயிடும்.”

“கீரையைப் பச்சையாவா?”

“சூடா ஊத்துறப்ப லேசா வதங்கிடும்லா.”

“பச்சையா திங்க நாங்க என்ன ஆடா.”

“ஆட்டுக்கு சுகர் இல்லையேம்மா.”

சந்திரகலா அதைக் காதில் வாங்கவில்லை. “சரி, மேலே சொல்லு.”

“மெயினே பேக்கன்தான். அதைப் பொரிச்சு எடுத்திட்டு, சட்டியிலே நிக்கிற கொழுப்புலேயே வினிகரும் கடுகும் சீனியும் போட்டுக் கொதிக்க விடணும்.”

“அது பன்னி. ரம்லத் வருது.”

“அப்ப ஹலால் வாங்குங்க. அதுலே பேக்கன்னு பேர் போட மாட்டாங்க, ஸ்ட்ரிப்ஸ்னு போட்டிருக்கும். சிக்கன்லே கெடைக்கும்.”

ரம்லத் விஷயத்தில் சந்திரகலா எப்போதும் கவனம். அவளுக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி உண்டு. இந்த முறை, வீட்டுச் சட்டியில் எந்தக் காலத்திலோ பன்றி பட்டிருக்குமோ என்று புதுச் சட்டியே வாங்கினாள். பேரங்காடியின் குளிர்ப்பெட்டி முன்னால் கால் மணி நேரம் நின்றாள். பாக்கெட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் புகையிட்ட ஸ்ட்ரிப்ஸ் என்று இருந்தது. ஹலால் முத்திரையைத் தேடி, அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். காலாவதித் தேதியைப் பார்த்தாள். எடையைப் பார்த்தாள். இறக்குமதி செய்தவனின் விலாசத்தைக்கூட, பழக்கதோஷத்தில், படித்தாள். கோழி சாசேஜுக்குப் பக்கத்தில் இருந்ததால் இதுவும் கோழிதான் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்துப் பெட்டியைப் பார்த்து இந்தப் பெட்டிக்குச் சாப்பு குத்துகிற காரியத்தை முப்பத்தோரு வருஷத்தில் அவள் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள்.

கீரை ராத்திரியில் ஆகாது என்பதால் ஞாயிறு மதியம் என்று வைத்தாள். காலையிலேயே சமையலறை அவள் அலுவலகம் ஆகிவிட்டது. கணவர் பாலன்தான் ஆபீஸ் பையன். கீரை டப்பாவில் ‘கழுவியது’ என்று எழுதியிருந்ததை அவர் படித்துக் காட்டினார்.

“யார் கழுவினது? நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டு, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் மூன்று முறை அலசினாள். இளசான இலைகள் பாதி அலசலிலேயே துவண்டன. அவற்றைத் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தாள். பாலன் ஆறு முட்டை அவித்து உரித்தார். காளானை அவர் தடியாக நறுக்கினார் என்று அவளே வாங்கி மறுபடி நறுக்கினாள்.

புதுச் சட்டியில் ஸ்ட்ரிப்ஸை அடுக்கித் தீயைக் குறைத்ததும், அது தன் கொழுப்பிலேயே சுருண்டு, ஓரம் பழுப்பாகி, புகை வாசத்தோடு பொரிந்தது. “சிக்கன்லே இம்புட்டு நெய்யா,” என்று பாலன் ஆச்சரியப்பட்டார். “வெளிநாட்டுக் கோழி,” என்றாள் அவள். பொரிந்ததை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயத்தை வதக்கினாள். கடுகுப் பசை என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் நம்ம கடுகையே வெடிக்கவிட்டு, இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். வினிகரை ஊற்றியபோது சட்டி சீறியது. நாட்டுச் சர்க்கரை ஒரு கரண்டி, மிளகுத்தூள். கொதி வந்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. “டிரெஸ்ஸிங்காம் டிரெஸ்ஸிங். தாளிப்புங்க இது. புளிக்குப் பதிலா வினிகரு.”

மூவரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் சூடாக ஊற்றினாள். கீரை சத்தமில்லாமல் சுருங்கிப் பளபளத்தது. மேலே முட்டை, காளான், கடலை, நொறுக்கிய ஸ்ட்ரிப்ஸ். மலர் முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். ஆரோக்கிய வருஷத்தில் வாய்க்கு விளங்குகிற சாப்பாடு அதுதான் முதல் தடவை.

ரம்லத் மெதுவாக மென்றாள். மென்றதை நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

“அக்கா, இது என்ன, சிக்கனா?”

“சிக்கன்தான். ஹலால் பாத்துத்தான் வாங்கினேன், சட்டிகூட புதுசு. தைரியமா சாப்பிடு.”

“ம்,” என்றாள் ரம்லத். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தாள்.

ரமணி, “அக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம்,” என்றாள். “கீரை வேணாம், அந்தப் பொரிச்சதைப் போடுங்க.” சந்திரகலாவுக்கு உள்ளுக்குள் பூரிப்பு. ரமணியே தன் சமையலை இரண்டாம் முறை கேட்கிறாள்.

அந்த நல்ல நேரத்தைப் பார்த்து மலர் பேச்செடுத்தாள். “நாளான்னிக்கு லிஸ்டு படிக்கணுமேக்கா. ரமணி அக்காவுக்கு இந்த வருஷமாவது பொங்கலைக் குடுத்துடலாமே. சனம் கேக்குது.”

“சனம் கேக்கும். அம்மன் கேக்கணுமே.” சந்திரகலா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். “எனக்கு ரமணி மேலே கோபமா? இல்ல. ஆனா பானைன்னா கைசுத்தம் வேணும். கைசுத்தத்துக்கு வாய்சுத்தம் வேணும்.” இன்னொரு துண்டு. “ஒருதரம் உள்ளே போயிட்டா போனதுதான். கழுவினாப் போற சமாச்சாரம் இல்ல அது.” கடைசித் துண்டை மொறுக்கென்று கடித்தாள். “நான் நாளைக்கே தப்புப் பண்ணாலும் இதான் ரூல்ஸ்.”

ரமணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவ்வளவு பணிவாக அவள் எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

எல்லாரும் போன பிறகு பாலன் குப்பையைப் பிரித்துக் கட்டினார். பிளாஸ்டிக்கைத் தனியாகப் போட வேண்டும் என்பது சந்திரகலாவின் வீட்டு விதிகளில் ஒன்று. பாக்கெட்டை அலசித் திருப்பியவர், மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

“கலா. இதுலே டாகிங் லெம்புன்னு போட்டிருக்கே.”

“எங்கே?”

“பின்னாடி. பொடி எழுத்திலே.”

சந்திரகலா வாங்கிப் பார்த்தாள். மலாயும் ஆங்கிலமும் ஒன்றையே சொல்லின. அந்தப் பொடி எழுத்து மாட்டிறைச்சியைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“நீங்க எவ்ளோ தின்னீங்க?”

“நீ போட்ட அளவு,” என்றார் பாலன். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லாத்தான் இருந்திச்சு,” என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவரோடு அவள் பேசவில்லை.

தலைக்குக் குளித்தாள். மஞ்சள் தேய்த்து இன்னொரு முறை குளித்தாள். புதுச் சட்டியைச் செய்தித்தாளில் சுற்றி வெளியே வைத்தாள். எத்தனை முறை குளித்தாலும், கழுவினால் போகிற சமாச்சாரம் இல்லை என்று மத்தியானம் சொன்ன குரல் காதிலேயே நின்றது. நல்ல எடுப்பான குரல்.

மறுநாள் காலை ரம்லத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். ரம்லத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரம்லத், நேத்து அது—”

“தெரியும்க்கா. மாடு.”

“தெரியுமா? அப்பவே ஏன் சொல்லலே?”

“வாயிலே வெச்ச பெறகு சொல்லி என்ன பண்ணச் சொல்றீங்க. மூணு பேரும் எங்கே போய்த் துப்புவீங்க, உங்க கார்ப்பெட்டுலயா?” ரம்லத் ஒரு கைலியை உதறினாள். “அதுவும் என்னைய நெனைச்சு ஹலால் பாத்து வாங்கியிருக்கீங்க. புதுச் சட்டி வேற. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. எதை அடக்கறதுன்னு தெரியாம தின்னேன்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“நான் எதுக்குக்கா சொல்றேன். லிஸ்டு உங்களோடது.”

சந்திரகலா வீட்டுக்கு வந்து பச்சை நோட்டைத் திறந்தாள். ஏழாவது விதியை நாலு கோணத்தில் படித்தாள். சரக்கில் பிழை இருந்தால் இறக்கியவன் பொறுப்பில்லை என்று கப்பல் பத்திரங்களில் ஒரு வரி வரும். அப்படி ஒரு வரி இங்கே எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். தெரிந்து, தெரியாமல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவள் கையெழுத்தே அடித்துச் சொன்னது. கீழே இரட்டைக் கோடு வேறு. பிரவின் தின்றது கடையில். இங்கே அடுப்பேற்றிப் பொரித்து, தாளித்து, கோயில் பட்டியலில் இருக்கும் இரண்டு பேருக்குத் தன் கையாலேயே பரிமாறியிருக்கிறாள்.

சும்மா இருந்துவிடலாம் என்றும் நினைத்தாள். ரம்லத் சொல்ல மாட்டாள். பாலன் பேசுவதே குறைவு. நாளை லிஸ்டைப் படித்து, ஆடியில் பானையைக் கிண்டிவிட்டால் முடிந்தது. ஆனால் சும்மா இருக்கலாம் என்று முடிவு செய்து காபி போட அடுப்பைப் பற்றவைத்தபோது, பொங்கல் பானை முன்னால் தான் நிற்பது அவள் கண்ணில் வந்தது. அம்மனைவிட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது தன் நோட்டுதான். காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டு, மாலை வெயில் இறங்கியதும் எதிர்வீட்டுக்குப் போனாள்.

ரமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாங்கக்கா. ஒக்காருங்க.”

சந்திரகலா உட்காரவில்லை. “நேத்து நான் போட்டது சிக்கன் இல்ல, ரமணி. மாடு. பாக்கெட்டைச் சரியா படிக்கலே. உனக்கும் மலருக்கும் குடுத்துட்டேன். நானும் தின்னுட்டேன்.”

ரமணி ஒரு காம்பை உருவி முடித்தாள். “தெரியும்க்கா.”

“ரம்லத் சொல்லிச்சா?”

“யாரும் சொல்லலே. நீங்க சட்டியைத் தொறந்தப்பவே வாசம் வந்திச்சு. என் மவனுக்குப் பின்னாடி வெளியடுப்புலே அதைத்தானே பொரிச்சுக் குடுக்கறேன். சொல்லியா திருந்தப் போறான், வயித்துக்குக் கெடக்கட்டும்னு விட்டாச்சு.”

ஏழாவது விதியின்படி இது பெரிய வாக்குமூலம். அதை எழுதிக்கொள்ளத் தனக்கு இப்போது கை இல்லை என்பது சந்திரகலாவுக்குத் தெரிந்தது. “அப்ப ஏன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினே?”

“நான் எங்கே தின்னேன். மொத தரம் கீரைக்கடியிலே ஒதுக்கிட்டேன். ரெண்டாந்தரம் வாங்கினதை டிஷ்யூலே சுத்தி ஹேண்ட்பேக்லே போட்டுக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“ஃப்ரீசர்லே இருக்கு. பாக்கறீங்களா?” ரமணி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்கு மீட்டிங்குக்குக் கொண்டாரலாம்னு இருந்தேன். நீங்க வாய்சுத்தம்னு சொல்றீங்க, ஒரு துண்டை வாயிலே போடறீங்க. கைசுத்தம்னு சொல்றீங்க, இன்னொரு துண்டு. மூணு வருஷத்திலே எனக்கு அப்படி ருசியா ஒரு சாப்பாடு கெடைச்சதில்லக்கா. நான் ஒரு வாய் திங்காமலே.”

சந்திரகலா அப்போதுதான் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் அவளும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய்ந்தாள்.

“நாளைக்குக் கொண்டாரப் போறியா?”

“நீங்க என்ன லிஸ்டு படிக்கறீங்கன்னு பாத்துட்டு.” ரமணி அவள் ஆய்ந்ததைப் பார்த்தாள். “காம்பு போவுதுக்கா. இலையை மட்டும் உருவுங்க.”

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ரமணி அந்த ஹேண்ட்பேக்கோடுதான் வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி வரிசையில் ஓரமாக பாலன் உட்கார்ந்திருந்தார். வேறு எந்த வருஷமும் அவர் வந்ததில்லை.

சந்திரகலா நோட்டைத் திறந்து, எப்போதும்போல எடுப்பான குரலில் படித்தாள். காய் நறுக்க இன்னார், சோறு வடிக்க இன்னார். “சக்கரைப் பொங்கல், ரமணி.” கூட்டம் சலசலத்தது. அவள் நிறுத்தாமல் படித்தாள். “செருப்புக் கூடாரம், சந்திரகலா.”

“ஏன்க்கா, நீங்களா?” என்றாள் மலர்.

“ஏழாவது ரூல்ஸ்,” என்று சொல்ல வாயெடுத்தவள், மலரும் அதே சாலட்டை வழித்துச் சாப்பிட்டவள், போன வருஷம்போல இந்த வருஷமும் அன்னதானத்துக்குச் சாம்பார் வைக்கப் போகிறவள் என்பது நினைவுக்கு வந்து, “முட்டி வலி. நின்னு கிண்ட முடியலே,” என்றாள். அவளுடைய பொதுவாழ்வில் அது முதல் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்தவருக்காகச் சொன்ன முதல் பொய் அதுதான். கடைசி வரிசையில் பாலன் இருமினார். ஏழாவது விதி இருந்த பக்கத்தில் வீட்டிலேயே அவள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தாள். கிழிக்க மனம் வரவில்லை. நோட்டு கெட்டுப்போகும்.

திருவிழா அன்று செருப்புக் கூடாரம் அந்தக் கோயில் இதுவரை காணாத ஒழுங்கில் நடந்தது. ஆண், பெண், பிள்ளைகள் என்று தனித்தனி வரிசை. ஜோடியைக் கிளிப்பு போட்டுக் கோத்தாள். பெரிய அட்டையில் ‘டோக்கன் இல்லாமல் செருப்பு இல்லை. யாராக இருந்தாலும்’ என்று எழுதித் தொங்கவிட்டாள். கோயில் தலைவரே டோக்கனைத் தொலைத்துவிட்டு அரை மணி நேரம் வெறுங்காலோடு நின்றார். அங்கே இருந்தபடியே பொங்கல் வரிசை மண்டபத்தைச் சுற்றி இரண்டு முறை வளைந்து போவதையும் அவள் பார்த்தாள். தன் காலத்தில் அது ஒரு முறைகூட வளைந்ததில்லை. அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு ரமணி வந்தாள். முழங்கை வரை வெல்லம், முகமெல்லாம் கரி. வாழையிலைத் துண்டில் ஒரு கை பொங்கலை நீட்டினாள்.

“சுகருக்கு ஆகாது. ஒரு வாய்தான்.”

சந்திரகலா தின்றாள். லேசாக அடிப்பிடித்திருந்தது. மூன்று வருஷமாகப் பானை பிடிக்காத கை, தீயின் அளவு தவறியிருக்கும். சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பொங்கலோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

“அது,” என்றாள், சுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக. “ஃப்ரீசர்லே. தூக்கிப் போட்டுட்டியா?”

“இன்னும் இல்லக்கா. எடம் ஒண்ணும் அடைக்கலே.” ரமணி புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள். “அடுத்த வருஷ லிஸ்டையும் பாத்துட்டுப் போடலாம்னு இருக்கேன். என் செருப்பைக் குடுங்க, காலு வெந்து போச்சு.”

“டோக்கன்?”

ரமணி இடுப்பைத் தடவினாள். மடியை உதறினாள். “அடுப்படியிலே எங்கேயோ விழுந்திருக்கு.”

சந்திரகலா அண்ணாந்து தன் அட்டையைப் பார்த்தாள். தன் கையெழுத்து, கீழே இரட்டைக் கோடு. பிறகு குனிந்து, பெண்கள் வரிசையில் கடைசியாகக் கிடந்த பழுப்புச் செருப்பின் கிளிப்பைக் கழற்றி, அவள் காலருகே வைத்தாள்.